புகையை எரித்த அடுப்பு

நெருப்பில்லாமல் புகையாது என்பது நம்மவர் வழக்கு. ஊரில் ஒரு செய்தி உலவினால் அதற்கு ஏதோ ஓர் உண்மை அடிப்படையாக இருக்கவேண்டும் என்பதனை உணர்த்த இப்பழமொழியை எடுத்தாள்கிறோம். உலக நடைமுறைக்கு இது பொருந்தலாம். ஆனால் இதே பழமொழியை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தபோது நாம் அதனைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டோம். நெருப்பு இருக்கும் இடத்தில் புகை இருந்தே தீரும் என்று எண்ணிவிட்டோம். அதனைக் கண்ணீரோடு சகித்துக்கொள்வதும் சமையலின் ஒரு பகுதியே என்று தலைமுறை தலைமுறையாக நம் பெண்மக்கள் நம்பி வந்திருக்கின்றனர். உண்மையில் புகை என்பது எரியாமல் தப்பிச் செல்லும் விறகே. இந்த எளிய செய்தியை நான் ஏட்டில் படித்தறிந்ததைவிட, இரண்டு பழைய தகரங்களைக் கொண்டு என் கையால் ஓர் அடுப்பைச் செய்து பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். அந்த அடுப்பைப் பற்றியும், அதனைச் செய்யத் தூண்டிய காரணத்தைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

நான் வாழும் பெக்கோக், ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். வடக்கே லாபிஸ், தெற்கே பாலோ. அவற்றினிடையே இருப்புப் பாதையை ஒட்டி அமைந்தது எங்கள் ஊர். கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான அந்தப் பாதை 1909ஆம் ஆண்டு முழுமை பெற்றது. பாதை வந்தபின் இரு மருங்கிலும் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களைத் தொடர்ந்து நம் மக்கள் வந்தனர். இன்று பெக்கோக்கின் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவும், அங்குள்ள அருவிகளும் நினைவுக்கு வரும். எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது லயத்து வீடுகளின் பின்புறம், விடிவதற்கு முன் கூரையின் இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறும் புகைதான்.

தோட்டத்துப் பெண்ணின் நாள் அந்தப் புகையில்தான் தொடங்கியது. பெரட்டுக்குச் செல்லுமுன் கோப்பி கலக்கவேண்டும். பிள்ளைகளுக்குப் பசியாற ஏதேனும் செய்து வைக்கவேண்டும். வெளிக்காட்டுக்கு எடுத்துச் செல்லும் சோற்றையும் வடித்துவிடவேண்டும். பால்வாளியைச் சுமந்து மரம் மரமாக நடந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது அவள் தலையில் ஒரு கட்டு விறகு இருக்கும். மழைக்காலத்தில் அந்த விறகு நனைந்திருக்கும். ஈர விறகை ஊதி ஊதி எரிய வைப்பதற்குள் அவள் கண்கள் சிவந்துவிடும். என் தாயார் இப்படித்தான் முப்பதாண்டுகளுக்கு மேல் சமைத்தார். வாழ்நாளில் ஒரு சுருட்டையோ சிகரெட்டையோ தொட்டறியாதவர் அவர். ஆயினும் அறுபது வயதைக் கடந்தபின் அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. இரவெல்லாம் இருமல். நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், “வீட்டில் விறகடுப்பா?” என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே விடையும் இருந்தது. என் தாயார் மறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அவருடைய இருமல் ஒலி மட்டும் என் செவியை விட்டு நீங்கவில்லை.

தோட்ட வாழ்வை அறிந்தவர்கள் இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். அதே தோட்டத்தில், லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், புகைக்கூடம் ஒன்று இருந்தது. உறைய வைத்து உருளையில் அழுத்தி எடுத்த ரப்பர்த் தாள்களை அங்கே தொங்கவிட்டு, பால்மர விறகை எரித்து நாலைந்து நாட்கள் புகையூட்டுவார்கள். அந்தக் கூடத்தின் அமைப்பில் எத்தனை கவனம்! அடுப்பு வெளியே இருக்கும். புகை நிலத்தடி வழியாக உள்ளே செல்லும். கூரையில் திறந்து மூடும் காற்றுவாய்கள் இருக்கும். வெப்பம் ஏறத்தாழ 40 பாகை செல்சியசில் தொடங்கிப் படிப்படியாக 60 பாகை வரை செல்லும். அதற்கு மேல் போகாதவாறு இரவும் பகலும் ஆள் வைத்துக் காப்பார்கள். 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய கூடங்களின் அமைப்பை ஆராய்ந்து வழிகாட்டியது. அளவுக்கு மீறிப் புகைபட்ட தாள் முதல் தரத்தில் சேராது, விலை குறையும். ஆகவே ரப்பர்த் தாளுக்கு எவ்வளவு புகை தகும், எவ்வளவு தகாது என்று அறுதியிட்டு வரையறுத்திருந்தார்கள். அந்தத் தாளுக்குப் பால் வெட்டிய பெண் தன் அடுப்படியில் எவ்வளவு புகையை விழுங்கலாம் என்பதை எவரும் வரையறுக்கவில்லை. அறிவு இல்லாமற் போனதால் நேர்ந்த குறை அன்று இது. அறிவு புகைக்கூடம் வரை வந்து, லயத்து வாசலில் நின்றுவிட்டது.

விறகு எரிவதைச் சற்று நிதானமாக உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கட்டையை ஒட்டி அதன்மேல் நெருப்பு படர்வதில்லை. கட்டைக்குச் சற்று மேலே, ஒரு சிறு இடைவெளி விட்டுத்தான் சுடர் நின்றாடுகிறது. காரணம், விறகு நேரடியாகச் சுடராவதில்லை. முதலில் 100 பாகை அளவில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு 200, 300 பாகையைக் கடந்ததும் மரம் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களையும் ஆவிகளையும் வெளியிடுகிறது. உலர்ந்த விறகின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இவ்வாறு வாயுவாகவும் ஆவியாகவும் பிரிந்துவிடும், எஞ்சுவது கரி. பிரிந்த வாயு போதிய சூட்டோடு காற்றைச் சந்தித்தால் சுடர். சந்திக்காமல் குளிர்ந்துவிட்டால் புகை. மூன்று கல் அடுப்பில் குளிர்ந்த காற்று எல்லாத் திசையிலிருந்தும் புகுந்து விடுகிறது. சட்டியின் அடிப்பாகம் சுடரைக் குளிர்விக்கிறது. வாயுவில் ஒரு பகுதி எரியாமலே கூரைக்குச் செல்கிறது. சட்டியைச் சூடாக்கியிருக்க வேண்டிய எரிபொருள்தான் அடுப்பூதுபவளின் மார்பை நிறைக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் பிலிப் லெபோன், விறகிலிருந்து வாயுவைப் பிரித்து விளக்கெரிக்கும் முறைக்கு 1799ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே, 1860ஆம் ஆண்டு இறுதியில் சிறுவர்களுக்காக ஆற்றிய மெழுகுவத்திச் சொற்பொழிவுகளில், சுடரின் நடுவே ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயை வைத்து உள்ளிருக்கும் ஆவியை வெளியே கொணர்ந்து, குழாயின் மறு முனையில் அதனைக் கொளுத்திக் காட்டினார். எரிவது மெழுகன்று, மெழுகின் ஆவியே என்று அன்று அவையிலிருந்த பிள்ளைகள் கண்ணாரக் கண்டனர்.

போர் வந்தபோது இந்த அறிவு மோட்டார் வண்டிகளையே ஓட்டியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமற்போன ஐரோப்பாவில், வண்டியின் பின்னே உயர்ந்த கலன் ஒன்றைப் பொருத்தி, அதில் விறகையோ கரியையோ மூச்சடைக்க எரித்து, வரும் வாயுவைக் கொண்டு இயந்திரத்தை இயக்கினார்கள். சுவீடனில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட வண்டிகள் அவ்வாறு ஓடின. சென்னை மாகாணத்துச் சாலைகளில் கரிவாயு பஸ்கள் சென்றதை நம் முந்தைய தலைமுறையினர் கண்டிருக்கின்றனர். 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆண்ட மலாயாவிலும் கரிவாயு வண்டிகள் ஓடின. அந்நாளில் மலாயாச் சாலைகளில் பெருமூச்சு விட்டுக்கொண்டே மேடேறிய லாரிகளுக்கும், லயத்தில் புகைந்துகொண்டிருந்த அடுப்புகளுக்கும் எரிபொருள் ஒன்றுதான். லாரிக்குள் சென்ற விறகு வாயுவாகி உழைத்தது. அடுப்பில் வைத்த விறகு புகையாகிக் கண்ணைக் கரித்தது.

சமையலறையைப் பற்றிச் சிந்தித்தவர்களும் இருந்தனர். ஐதராபாத்தில் பணியாற்றிய எஸ். பி. ராஜு என்னும் பொறியாளர், புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை வகுத்து, கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என்று எழுதிய நூல் 1953ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. இந்திய அரசு 1983ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் இருபதாண்டுகள் நடந்து, மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை வீடுகளில் அமைத்தது. ஆனால் அவற்றுள் பல, விரிசல் கண்டும் புகைபோக்கி அடைபட்டும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. வேறொரு வழியை அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ரீட் 1985ஆம் ஆண்டையொட்டிக் கண்டார். விறகைக் கீழிருந்து கொளுத்தாமல் மேலிருந்து கொளுத்தினால் வாயுவையும் சுடரையும் வெவ்வேறு இடத்தில் பிரித்து நிறுத்தலாம் என்பதே அவ்வழி. நார்வே நாட்டவரான பால் வெண்டெல்போ தாமாகவே இதே முடிவுக்கு வந்து, உகாண்டாவின் அகதி முகாம்களில் அத்தகைய அடுப்புகளைப் பரப்பினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் இதே நெறியில் சிறு மின்விசிறியோடு வடிவமைத்த அடுப்பு 2006ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்து, ஏறத்தாழ 400,000 வீடுகளை அடைந்தது. அந்த அடுப்புக்கென்று தனியே செய்து விற்ற எரிகட்டிகளின் விலை ஏறியபோது மக்கள் அதனை ஓரம் வைத்துவிட்டனர். அடுப்பு எத்துணைச் சிறந்ததாயினும், அதற்குரிய விறகு தன் கொல்லையில் கிடைக்காவிட்டால் ஏழையின் வீட்டில் அது நிலைக்காது என்பது அவ்வரலாறு தரும் பாடம்.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் நான் நெடுநாள் வாளாவிருந்தேன். என் வீட்டில் எரிவாயுத் தோம்பு இருக்கிறது. எனக்கு விறகடுப்பு எதற்கு? இரண்டு காரணங்கள் என்னை எழுப்பின. ஒன்று, வெள்ளம். 2006 இறுதியிலும் 2011 சனவரியிலும் ஜொகூரை உலுக்கிய வெள்ளங்களை நாங்கள் மறந்திருந்த வேளையில், 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மீண்டும் சிகாமட் மாவட்டம் நீரில் மிதந்தது. சாலைகள் மூழ்கினால் தோம்பு ஏற்றிய லாரி வராது என்பதனை அந்நாட்களில் எங்கள் வரிசை வீடுகள் அனைத்தும் உணர்ந்தன.

மற்றொரு காரணம், எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர். உறவில் எனக்கு ஒன்றும் ஆகார். ஆயினும் பெரியம்மா என்றே அழைப்பேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். விடியற்காலையில் இட்லி அவித்து விற்றுப் பிழைக்கிறார். வீட்டினுள் எரிவாயு அடுப்பு இருந்தும், வியாபாரத்துக்குக் கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து விறகைத்தான் எரிப்பார். “தோம்புல அவிச்சா தோம்புக்காரனுக்குத்தான் லாபம், தம்பி” என்பது அவர் கணக்கு. ஒரு நாள் வைகறையில் அவர் கொல்லையிலிருந்து எழுந்த இருமல் என் தாயாரின் இருமலைப் போலவே ஒலித்தது. அன்றே தகரம் தேடத் தொடங்கினேன்.

பெக்கோக் கடைத்தெருவில் பழைய இரும்புச் சாமான் விற்கும் சீனத் தவுக்கே ஒருவர் இருக்கிறார். நான் தேடியவை இரண்டு தகரங்கள். உள்ளே வைக்க 15 சென்டிமீட்டர் குறுக்களவும் 20 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பால்மாவுத் தகரம் ஒன்று. வெளியே வைக்க 20 சென்டிமீட்டர் குறுக்களவும் 23 சென்டிமீட்டர் உயரமும் உள்ள, மூடியோடு கூடிய தகரம் ஒன்று. துத்தநாகம் பூசிய தகரம் வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். கடுஞ்சூட்டில் அப்பூச்சு நச்சுப் புகையாக எழும். தவுக்கே தகரங்களைத் தட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டு, “இது எதற்கு?” என்று மலாயில் வினவினார். அடுப்புக்கு என்றேன். சிரித்துக்கொண்டே, அடுப்புக்கு ஆணி வேண்டாமா என்று ஒரு பிடி திருகாணிகளையும் சேர்த்துக் கட்டினார். அவற்றுக்குக் காசு வாங்கவில்லை.

வேலை கடினமானதன்று. உட்தகரத்தின் அடியில் 6 மில்லிமீட்டர் அளவில் 25 துளைகள். இவ்வழியே வரும் காற்று மிகக் குறைவு. விறகை வாயுவாக்க மட்டும் அது போதும். இதனை முதற்காற்று எனலாம். அதே தகரத்தின் மேல் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் கீழே, சுற்றிலும் 12 மில்லிமீட்டர் அளவில் 24 துளைகள். எழுந்து வரும் வாயுவை எரிக்கும் இரண்டாங்காற்று இவற்றின் வழியே பாயும். கணக்கிட்டால் மேல் துளைகளின் மொத்தப் பரப்பு கீழ்த் துளைகளுடையதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்த விகிதமே அடுப்பின் உயிர்நிலை. கீழே காற்று மிகுந்தால் விறகு மூர்க்கமாய் எரிந்து புகை கக்கும். மேலே காற்று குறைந்தால் வாயு எரியாமல் தப்பும்.

வெளித்தகரத்தின் பக்கத்தில், அடியை ஒட்டி, 20 மில்லிமீட்டர் அளவில் 12 துளைகள் இட்டேன். அடியில் மூன்று திருகாணிகளை நிறுத்தி, அவற்றின்மேல் உட்தகரத்தை 3 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தேன். வெளித்தகரத்தின் மூடியில் 15 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, உட்தகரத்தின் வாயோடு பொருந்துமாறு மூடினேன். இப்போது இரு தகரங்களுக்குமிடையே இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி, மேலே அடைப்பு. கீழ்த் துளைகள் வழியே புகும் காற்றில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் ஏறி, சூடான உட்தகரத்தைத் தழுவிச் சென்று, தானும் சூடாகி மேல் துளைகளில் வெளிப்படுகிறது. மூன்று கல் அடுப்பில் குளிர்ந்த காற்று செய்யும் கேட்டை, இங்கே சுடுகாற்று நீக்கிவிடுகிறது. இறுதியாக, 8 சென்டிமீட்டர் வட்டத்துளை இட்ட ஒரு தகட்டை உட்தகரத்தின் வாயில் வைத்தேன். காற்றும் வாயுவும் அந்தக் குறுகிய வாயில் நெருங்கிக் கலக்கும். அதன்மேல் சட்டி நிற்க மூன்று ஆணிக் கால்கள். சட்டிக்கும் தகட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி.

அடுத்தது விறகு. செம்பனை சூழ்ந்துவிட்ட இந்நாளிலும் சிறுதோட்டக்காரர்களின் பால்மரங்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. 25 அல்லது 30 ஆண்டுகளில் பால் வற்றிய மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்வர். முன்பு அம்மரம் அடுப்புக்கும் சூளைக்கும் புகைக்கூடத்துக்கும் போனது. 1980களுக்குப் பின் நாற்காலி மேசைத் தொழிலுக்குப் போகிறது. மூவார் அத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். தொழிற்சாலை ஏற்காத கிளைகள் நமக்குப் போதும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். அந்த நீரை ஆவியாக்கவே சூட்டின் ஒரு பகுதி செலவாகிவிடும். ஆகையால் கிளைகளைப் பெருவிரல் நீளத்துக்கு நறுக்கி, காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் இரண்டு மாதம் உலர வைத்தேன். தேங்காய்ச் சிரட்டையின் உடைசல்களும் ஏற்றவை. மரத்தூள் ஏலாது, காற்று ஊடுருவ வழியிராது.

மேல் துளைகளுக்கு இரண்டு விரல் கீழே வரை துண்டுகளை நிரப்பினேன். ஏறத்தாழ அரைக் கிலோ பிடித்தது. உச்சியில் சிறு சிராய்களையும் உலர்ந்த தென்னை மட்டைத் துணுக்குகளையும் பரப்பி நெருப்பு வைத்தேன். இரண்டு மூன்று நிமிடம் வெண்புகை சுழன்றது. பிறகு, சுற்றியுள்ள இருபத்துநான்கு துளைகளிலிருந்தும் சுடர்கள் உள்நோக்கி நாக்கு நீட்டின. புகை நின்றது. மேலே கை நீட்டினால் சூடு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விறகிலிருந்தன்றி, துளைகளிலிருந்தே நெருப்பு பிறப்பதுபோன்ற தோற்றம்! உள்ளே நெருப்பு மெல்ல மெல்லக் கீழ்நோக்கி இறங்க, வாயு மேல்நோக்கி ஏற, சுடர் மட்டும் வாயிலில் நின்றெரிந்தது. ஒரு லிட்டர் நீர் பத்து நிமிடத்துக்குள் கொதித்தது. அரைக் கிலோ விறகு ஏறத்தாழ 35 நிமிடம் நின்றது.

அருகில் நின்ற பெரியம்மா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சட்டியைத் தூக்கி அடிப்புறத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். மெல்லிய கரிக்கோடு ஒன்றே விரலில் ஒட்டியது.

“கரி அதிகம் புடிக்கல. சரி, நடுவுல விறகு தள்ளலாமா?”

“தள்ளக் கூடாது, பெரியம்மா. ஒரு முறை நிரப்பினால் அது முடியும் வரைதான்.”

“எனக்கு எட்டு ஈடு இட்லி அவிக்கணும், தம்பி. உன் அடுப்பு ரெண்டு ஈட்டுக்குள்ள படுத்துடுமே?”

அவர் கேட்டது நியாயம். அறிஞர் பலர் வகுத்த அடுப்புகள் அடுக்களையில் தோற்றது இத்தகைய கேள்விகளுக்கு விடை தராமல்தான். ஆகவே அடுப்புகளை மூன்றாகப் பெருக்கினேன். ஒன்று தணியத் தொடங்கும்போது அடுத்ததைக் கொளுத்தி, முதல் மூன்று நிமிடப் புகை அடங்கியபின் கொப்பரையை மாற்றி வைப்பது என்று முறை செய்தோம். ஒரு வாரம் வேண்டா வெறுப்பாய்ச் செய்தார். இரண்டாம் வாரம், எந்த மணிக்கு எதைக் கொளுத்துவது என்று எனக்கே பாடம் சொன்னார். இன்றும் பண்டிகை நாளில் பெருங்கொப்பரை ஏற்றவேண்டி வந்தால் மூன்று கல்லைத்தான் நாடுகிறார். அதனை நான் தடுப்பதில்லை. மற்ற நாட்களில் அவர் கொல்லையில் வைகறைப் புகை இல்லை.

இவ்வடுப்பைச் செய்ய விழைவோர் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும். வெறும் கண்ணுக்குப் புகை தெரியாததால் தீங்கே இல்லை என்று கருதிவிடலாகாது. விறகு வாயுவில் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமுமற்ற நச்சு உண்டு. சுடர் சரியாக எரியும்வரை அதுவும் எரிந்துவிடும்; சுடர் அணைந்தால் வெளியேறும். எனவே இது திறந்த வெளிக்குரிய அடுப்பு. சன்னல் மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்கலாகாது. காற்றடித்து இடையில் சுடர் அணைந்தால் வெண்புகை பொங்கும். முகத்தை மேலே நீட்டாமல், எரியும் தாள் ஒன்றை எட்ட நின்று வாயிலில் இட்டால் மீண்டும் பற்றிக்கொள்ளும். மஞ்சள் சுடர் குறைந்து நீலமாகித் தாழ்ந்தால் வாயு தீர்ந்தது என்று பொருள். அப்போது எஞ்சியிருக்கும் கரியை, இறுக மூடும் வேறொரு தகரத்தில் கொட்டி மூடிவிட்டால் அணைந்துபோகும். போட்ட விறகில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நல்ல கரியாக மிஞ்சும். பெரியம்மா அதனைச் சேர்த்து, மீன் சுடுபவர்க்கு விற்கிறார். மெல்லிய தகரம் சில மாதங்களில் அரித்துவிடும் என்பதும் உண்மையே. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் கிடைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

விறகுச் சிக்கனத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்து முதல் பதினைந்து விழுக்காடே சட்டியைச் சேரும் என்பது பொதுக் கணக்கு. வாயு அடுப்பு இதனை இரண்டு மடங்காக உயர்த்தவல்லது. அவ்வகையில் ஒரு கட்டு விறகு இரண்டு கட்டுக்குச் சமமாகிறது. தலைச்சுமை சுமந்தவர்களுக்கே அந்த ஒரு கட்டின் எடை தெரியும்.

எரிவாயுவும் மின்சாரமும் வந்துவிட்ட நாட்டில் இது பழங்கதை என்று சிலர் கருதலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் மாண்டனர். அவர்களுள் 237,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இருநூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இன்னும் புகையில்தான் சமைக்கின்றனர். நம் நாட்டிலும், தோம்பின் விலையைக் கணக்கிட்டுக் கொல்லைப்புறத்தில் கல் கூட்டும் பெண்கள் ஓய்ந்துவிடவில்லை. எரிவாயு அடுப்புக்கு ஈடாக இந்தத் தகர அடுப்பை நான் முன்வைக்கவில்லை. தோம்பு எட்டாத இடத்திலும் எட்டாத நாளிலும், மூன்று கல்லுக்குப் பதிலாக இதனை வைக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

நம் எழுத்தாளர்கள் தோட்டத்துத் தாயைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அவள் கண்ணீரைத் தியாகம் என்று போற்றியிருக்கிறோம். அக்கண்ணீரில் பெரும்பகுதி, ஈர விறகினாலும், காற்று சரியாகப் புகாத அடுப்பினாலும் வந்தது. அவற்றைப் போக்கும் வழி 1799ஆம் ஆண்டிலிருந்து உலகின் கையில் இருந்திருக்கிறது. போற்றுதலுக்கு நாம் செலவிட்ட தாளில் ஒரு தாளில், இருபத்துநான்கு துளைகளின் அளவை எவரேனும் வரைந்து கொடுத்திருந்தால், அந்தத் தாய்களுள் சிலர் இன்னும் சில ஆண்டுகள் இருமாமல் வாழ்ந்திருப்பர். அந்த அளவுகளை எழுதிவைக்கவே இக்கட்டுரையை எழுதினேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்க, தம் ஊர் விறகுக்கும் தம் வீட்டுச் சட்டிக்கும் ஏற்பத் திருத்திக்கொள்க.